வெல்டிங் ஹோல்டருக்கும் கிரைண்டருக்கும் கை நோகாத பிடி: வன்னிப் பட்டறைகளுக்கான முழு வழிகாட்டி

காலபோக விதைப்புக்கு முந்திய ஆவணி, புரட்டாதி மாதங்களில் வன்னிப் பட்டறைகளில் ஓய்வு கிடையாது. தேய்ந்த கலப்பைக் கொழு வரும், அடிச்சட்டம் வெடித்த உழவு இயந்திரப் பெட்டி வரும், லான்ட்மாஸ்டரின் (இருசில்லு உழவு இயந்திரத்தின்) வளைந்த இரும்புச் சில்லு வரும். இடையில் யாரோ வீடு கட்டி முடித்து கேற்றுக்கும் யன்னல் கிறிலுக்கும் அவசரப்படுத்துவார்கள். பரந்தனிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ எந்தப் பட்டறையில் போய் நின்றாலும் பின்னேரம் ஒரு பெடியன் கையை உதறிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். “அண்ணை, பெருவிரல் பக்கம் விறைக்குது” என்பான். “தடிச்ச ரேப் சுத்திப் பிடி, சரியாகும்” என்று பதில் வரும்.

ரேப் சுற்றுவது பிழையில்லை. ஆனால் அது நான்காவதோ ஐந்தாவதோ செய்ய வேண்டிய வேலை. ஹோல்டரை, அதாவது வெல்டிங் கம்பியைக் கவ்விப் பிடிக்கிற கருவியை, பிடிக்கிற கை நோவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் பிடியில் இல்லை, பின்னால் தொங்குகிற கேபிளில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி கேபிளில் தொடங்கி, பிடியின் உள்பக்கம், தடிப்பு, மேலுறை, கோணம் என்று போகும். வரிசையை மாற்ற வேண்டாம். கேபிளின் பாரத்தை எடுக்காமல் பிடியை மட்டும் அழகாக்கினால், நொந்த கை நொந்தபடியே இருக்கும்.

முதலில், எங்கே நோகிறது என்று பாருங்கள்

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் மணிக்கட்டின் உள்பக்கமாக ஓடுகிற நரம்பு நெருக்கப்படுகிறது. மணிக்கட்டை மடக்கியபடி இறுக்கிப் பிடிப்பதால் வருவது இது. சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்தால் முழங்கையை நெடுநேரம் மடித்தோ, மேசை விளிம்பில் ஊன்றியோ வேலை செய்திருக்கலாம். முன்கையின் மேற்பக்கம், முழங்கைக்குக் கிட்ட நொந்தால் பாரம் தூக்கிய நோ. உள்ளங்கையில் ஒரு கோடு போலத் தழும்பு பதிந்திருந்தால் பிடி மெல்லியது, அல்லது அதில் கூரான விளிம்பு இருக்கிறது.

வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து போனில் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கம்பி எரிந்து முடிகிற நேரம் எடுத்தால் போதும். எடுப்பவர் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. வீடியோவில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: புறங்கையும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா? மணிக்கட்டு மடிந்தால் கையின் பிடிபலம் குறைகிறது, குறைந்ததை ஈடுகட்ட இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம், அதனால் இன்னும் விரைவாகக் களைக்கிறது.

கேபிளின் பாரத்தை எடுப்பது

ஒரு கணக்குப் பார்ப்போம். 35 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிளில் ஒரு மீற்றரில் செப்பு மட்டுமே 300 கிராமுக்கு மேல் வரும். றப்பர் உறையும் சேர்த்தால் 400 கிராமைத் தாண்டும். நெஞ்சுயரத்தில் கேற்றின் மேற்சட்டத்தை ஒட்டும்போது கையிலிருந்து நிலம்வரை ஒன்றேகால் மீற்றர் தொங்குகிறது. அரைக் கிலோ! சாதாரண ஹோல்டரின் சொந்தப் பாரமே அந்த அளவுதான். அதாவது கையில் இருப்பதில் பாதி, வேலைக்கு உதவாத பாரம். அதுவும் பிடியின் பின்நுனியில் இழுப்பதால் மணிக்கட்டைக் கீழ்நோக்கித் திருப்பிக்கொண்டே இருக்கும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

முதலாவது, ஹோல்டரோடு சேர்ந்த கடைசி இரண்டு, மூன்று மீற்றரை மட்டும் மெல்லிய, நன்றாக வளையக்கூடிய கேபிளாக மாற்றுவது. நம்மூர் வேலையில் பெரும்பகுதி 2.5, 3.2 மில்லிமீற்றர் கம்பிகளில்தான் நடக்கிறது. பழைய ஆட்கள் 12, 10 நம்பர் என்று கேட்டு வாங்குவது இவற்றைத்தான். 2.5க்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.2க்கு 90 முதல் 130 ஆம்பியர் போகும். இந்த அளவுக்கு, அதுவும் கம்பி மாற்றுவதும் கசடு தட்டுவதுமாக இடைவெளி விட்டுச் செய்கிற வேலைக்கு, 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வெல்டிங் கேபிள் தாங்கும். 4 மில்லிமீற்றர் கம்பி எரிப்பவர்கள் 25க்குப் போங்கள். சந்தையில் செப்புப் பூசிய அலுமினியக் கேபிளும் விற்கிறார்கள். அது பாரம் குறைவு, ஆனால் அதே தடிப்பில் செப்பைவிடக் குறைவான ஆம்பியரே தாங்கும், அடிக்கடி வளைகிற இடத்தில் விரைவாக முறியும். இந்தக் கடைசித் துண்டுக்கு அதை வாங்காதீர்கள்.

இரண்டு கேபிளையும் இணைப்பதற்குத் திருகிப் பூட்டுகிற, றப்பர் உறை உள்ள கப்ளர் போடுங்கள். நட் போட்டு முறுக்கி ரேப் சுற்றுகிற பழக்கம் இங்கே வேண்டாம். அந்த இணைப்பு உங்கள் காலடியில், மழைக்காலத்தில் ஈரமண்ணில் கிடக்கப்போகிறது. கப்ளரில் 9 மில்லிமீற்றர் ஊசி உள்ளதும் 13 மில்லிமீற்றர் ஊசி உள்ளதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கடைக்குப் போகும்போது பிளான்ட்டில் (வெல்டிங் மிஷினில்) செருகியிருக்கும் கேபிள் பிளக்கைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, கேபிளைத் தொங்கவிடுவது. பட்டறைக் கூரையின் தீராந்தியில் நைலோன் கயிறு ஒன்றைக் கட்டி, நுனியில் பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை வளையமாகப் போடுங்கள். ஹோல்டருக்குப் பின்னால் 40 முதல் 50 சென்ரிமீற்றர் தள்ளிக் கேபிள் அந்த வளையத்துக்குள்ளால் போக வேண்டும். ரியூப் இழுபடுவதால் கை முன்னும் பின்னும் போக இடம் கிடைக்கும். கயிற்றின் நீளம் சரியா என்று அறிய, பிளான்ட்டை நிறுத்திவிட்டு ஹோல்டரை ஒரு விரலின் மேல் குறுக்காக வைத்துப் பாருங்கள். பின்நுனி கீழே சாயாமல் நின்றால் சரி.

வெளிவேலைக்குப் போகிற இடத்தில் தீராந்தி இருக்காது. மூன்று தடிகளைத் தலைப்பில் கட்டி முக்காலியாக நிறுத்தினால் அதே வேலையைச் செய்யும்.

நம்மில் பலர் கேபிளைத் தோளில் போட்டுக்கொள்கிறோம், சிலர் கையில் ஒரு சுற்றுச் சுற்றியும் கொள்கிறோம். மிஷினோடு வருகிற கைநூல்கள் இதைச் செய்யாதே என்றுதான் சொல்கின்றன. உறை வெடித்த இடம் ஒன்று வியர்வையில் நனைந்த சேர்ட்டில் படுவதற்கு அதிக நேரம் எடுக்காது. ஏணியில் நிற்கும்போது யாராவது கேபிளை இழுத்தால் ஆளும் சேர்ந்து விழுவார்.

பிடிக்குள்ளே இருப்பதைச் சரிபார்ப்பது

மேலே எதையும் சுற்றுவதற்கு முன் பிளான்ட்டின் மின் பிளக்கைக் கழற்றுங்கள். ஹோல்டரின் பிடிச் சட்டையை (பிடியை மூடியிருக்கும் மின்காப்பு உறையை), சில வகைகளில் ஒரு சின்னத் திருகாணி பிடித்திருக்கும், கழற்றிப் பின்னே இழுங்கள். உள்ளே கேபிள் நுனி பூட்டப்பட்ட இடம் தெரியும். செப்பு இழைகள் பச்சை பிடித்தோ கறுத்தோ இருந்தால் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி, இழை ஒன்றும் வெளியே நிற்காமல் பூட்டுங்கள். ஆலன் சாவி போடுகிற வகையானால் நன்றாக இறுக்கி, ஒருநாள் வேலைக்குப் பிறகு திரும்பவும் ஒருமுறை இறுக்குங்கள். செப்பு இழைகள் அமுங்கிக் கொடுப்பதால் முதல் இறுக்கு தளர்ந்துதான் இருக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? தளர்ந்த இணைப்பு சூடாகும். வெறும் பிடியாக இருந்தால் கை சுட்டதும் தெரிந்துவிடும். தோலும் றப்பரும் சுற்றிய பிடியில் அந்தச் சூடு கைக்குத் தெரிய நேரம் எடுக்கும், அதற்குள் உள்ளே சட்டை கருகிவிடும். வெடித்த சட்டை, உடைந்த தாடை உறை உள்ள ஹோல்டருக்கு மேலுறை போட்டு மறைப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள். கம்பி எரியாமல் சும்மா இருக்கும்போதுதான் ஹோல்டரில் மின்னழுத்தம் கூட. எண்ணெயில் குளிரும் பழைய பிளான்ட்டில் அது 70, 80 வோல்ற்வரை நிற்கும், அதுவும் ஏசி மின்சாரம். சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் வியர்த்து, கையுறையும் நனைந்திருக்கும்போது அந்த அளவே ஆளைக் கொல்லப் போதும்.

உங்கள் கைக்கு எவ்வளவு தடிப்பு?

முழுக் கையாலும் பற்றிப் பிடிக்கிற கருவிக்கு 30 முதல் 50 மில்லிமீற்றர் விட்டம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, 40க்குக் கிட்ட இருந்தால் நல்லது. நீளம் குறைந்தது 100 மில்லிமீற்றர், கையுறை போட்டால் 120க்கு மேல். இதைவிடக் குட்டையான பிடியின் நுனி உள்ளங்கையின் நடுவில் வந்து குத்தும்.

ஆனால் கைக்குக் கை வித்தியாசம் உண்டு. அளக்க எளிய வழி எஸ்லோன் பைப் (பி.வி.சி. குழாய்) வெட்டுத் துண்டுகள். குழாய் வேலை நடந்த வீட்டில் 32, 40 மில்லிமீற்றர் துண்டுகள் கிடக்கும். அந்த எண் வெளிவிட்டம்தான். வேலையில் போடுகிற அதே கையுறையோடு ஒவ்வொன்றையும் பிடித்துப் பாருங்கள். பெருவிரல் நுனி சுட்டுவிரல் நுனியைச் சற்றுத் தொட்டால், அல்லது கொஞ்சம் மேலே ஏறினால் அதுதான் உங்கள் அளவு. விரல்கள் சந்திக்கவே இல்லையென்றால் தடிப்புக் கூட. பெருவிரல் சுட்டுவிரல் நகத்தையும் தாண்டிப் போனால் குறைவு.

இப்போது ஹோல்டரின் பிடியை ஒரு நூலால் சுற்றி அளந்து, 3.14ஆல் பிரியுங்கள். கடையில் வருகிற ஹோல்டர்கள் பல 30 முதல் 35க்குள் நிற்கும். சின்னக் கை உள்ளவர்களுக்கும், என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) படித்துவிட்டு முதல்முறை பட்டறைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அந்தத் தடிப்பே போதும். அவர்களுக்குத் தேவை வழுக்காத மேற்பரப்பு மட்டும். பெரிய கைக்காரர்தான் தடிப்பைக் கூட்ட வேண்டியவர். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பட்டறையில் உள்ள எல்லா ஹோல்டருக்கும் ஒரே தடிப்பில் சுற்றிவிட்டால் பாதிப் பேருக்குக் கை முன்னைவிட மோசமாக நோகும்.

மேலுறை சுற்றுவது

இரண்டு அடுக்கு போதும். அடியில் மெத்தென்று ஒன்று, மேலே நெருப்புத் தாங்க ஒன்று.

அடியடுக்குக்கு நான் சொல்வது கிரிக்கெற் மட்டைப் பிடிக்குப் போடுகிற றப்பர் உறை. விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும், மட்டைப் பிடியும் ஹோல்டர் பிடியும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. பிடிச் சட்டையைக் கழற்றி, முகப்பவுடர் கொஞ்சம் தூவி, உறையைச் சுருட்டிச் சுருட்டி ஏற்றுங்கள். நீளமாக மிஞ்சுவதை வெட்டிவிடுங்கள். சைக்கிள் ரியூப்பும் போடலாம், ஆனால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: கறுப்பு றப்பரில் கரித்தூள் கலந்திருப்பதால் அதை மின்காப்பு என்று நம்பக்கூடாது. மின்காப்பு ஹோல்டரின் சொந்தச் சட்டைதான். நாம் போடுவது எதுவும் அதற்கு மாற்றாகாது.

மேலடுக்கு தோல். கிழிந்த வெல்டிங் கையுறையின் நீண்ட மணிக்கட்டுப் பகுதியை எறியாமல் வைத்திருங்கள். அதை 25 மில்லிமீற்றர் அகலப் பட்டியாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் நீளம் போதாது. குழாயாக இருக்கும்போதே ஒரு விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றிச் சாய்வாக வெட்டிக்கொண்டு போனால் ஒரே பட்டியாக நீளமாகக் கிடைக்கும். 120 மில்லிமீற்றர் நீளமும் 36 மில்லிமீற்றர் விட்டமும் உள்ள பிடிக்கு, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்ற, ஒன்றேகால் மீற்றர் பட்டி வேண்டும்.

சுற்றுகிற திசை முக்கியம். கேபிள் பக்கத்தில் தொடங்கித் தாடைப் பக்கமாகச் சுற்றுங்கள். கிடுகு வேய்கிற மாதிரித்தான்: தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போனால் மழைநீர் இடுக்கில் ஏறாது. இங்கே தாடைப் பக்கத்திலிருந்து பறந்து வருகிற தீப்பொறி பட்டியின் விளிம்புக்குள் செருகாமல் மேலால் உருண்டு போகும். எதிர்த்திசையில் சுற்றிய பிடியில் ஒவ்வொரு மடிப்பிலும் பொறி தங்கி, தோல் புள்ளி புள்ளியாகக் கருகியிருப்பதைப் பார்க்கலாம்.

ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீற்றர் தடிப்புள்ள தோலைப் பாதி மேலேற்றிச் சுற்றினால் விட்டத்தில் 5 மில்லிமீற்றர் கூடும். அது உங்கள் கைக்குக் கூடுதல் என்றால் மேலேற்றாமல் விளிம்போடு விளிம்பு வைத்துச் சுற்றுங்கள், பாதிதான் கூடும். இழுத்து இறுக்குங்கள், ஆனால் றப்பர் பிதுங்குகிற அளவுக்கு வேண்டாம்.

இரண்டு நுனியையும் செருப்புத் தைக்கிற மெழுகு நூலால் எட்டு, பத்துச் சுற்றுச் சுற்றி முடிச்சை உள்ளே இழுத்துவிடுங்கள். கட்டுக்கம்பி, ஜுபிலி கிளிப், ஆணி, பொப் றிவற் ஒன்றும் கூடாது. பிடியின் மேல் இரும்பு இருந்தால், உள்ளே சட்டை வெடிக்கிற நாளில் மின்சாரம் கைக்கு வருகிற வழி அதுதான். சட்டையில் துளை போடுவதும் அதே காரணத்தால் கூடாது.

தாடையைத் திறக்கிற நெம்பு விரலடியில் முழுதாக அமுங்கித் திரும்புகிறதா, பிடியில் காற்றுப் போகிற துளைகள் இருந்தால் அவை திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்லோன் பைப்பை நீளவாட்டில் பிளந்து பிடியின் மேல் கவிழ்ப்பது ஒரு பரவலான பழக்கம். பி.வி.சி. 80 பாகை வெப்பத்துக்குக் கிட்டவே இளகத் தொடங்கும், எரிந்தால் வருகிற புகை நெஞ்சைப் பிடிக்கும். அளவு பார்க்க மட்டும் வைத்திருங்கள்.

கோணம்

காசு செலவில்லாத திருத்தம் இதுதான், ஆனால் செய்வோர் குறைவு. ஹோல்டரின் தாடையில் பல திசையில் பள்ளம் வெட்டியிருப்பது அழகுக்கு இல்லை. மணிக்கட்டை வளைக்காமல் கம்பியின் சாய்வை மாற்றத்தான். தட்டையாகக் கிடக்கிற இரும்பை ஒட்டும்போது ஒரு பள்ளம், செங்குத்தாக நிற்கிற தூணில் கீழிருந்து மேலே போகும்போது வேறொன்று. மின்சாரம் இல்லாமல், கம்பியை மட்டும் கொழுவி, வேலை செய்கிற இடத்தில் கையை வைத்து ஒவ்வொரு பள்ளமாகப் பாருங்கள். முன்கையும் புறங்கையும் நேராக நிற்கிற பள்ளம் எதுவோ அதில் ஒட்டுங்கள்.

பொக்ஸ் பாரின் உள்மூலை போன்ற இடத்தில் எந்தப் பள்ளமும் உதவாவிட்டால் கம்பியையே தாடைக்குக் கிட்ட வளைக்கலாம். எப்படியும் எறியப்போகிற கடைசி 50 மில்லிமீற்றருக்குள் வளையுங்கள், மேற்பூச்சு உடைந்தாலும் கவலையில்லை.

இன்னுமொன்று, வேலையை உயர்த்துவது. நிலத்தில் குந்தியிருந்து கேற் ஒட்டுகிறவருக்கு எந்தப் பிடி போட்டாலும் நாரி நோ போகாது. இரண்டு மரக்குதிரை செய்து, முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே கேற் கிடக்கும்படி வையுங்கள். வெறும் எண்ணெய் பீப்பாவை மேடையாக வைப்பதை விடுங்கள். உள்ளே மிஞ்சிய ஆவி சூடாகி வெடித்தால் பட்டறையே இருக்காது.

மற்றக் கையைச் சும்மா விடாமல், ஒரு முழ நீளக் காய்ந்த தடியை வேலையில் ஊன்றி, அதில் ஹோல்டர் பிடித்த கையின் மணிக்கட்டைச் சாய்த்துக்கொள்ளலாம். நீளமான ஒட்டுகளில் முன்கைக்கு இது கொடுக்கிற ஆறுதல் பெரிது.

கிரைண்டரின் பக்கப்பிடி

ஹோல்டரின் பிடியைத் தடிப்பாக்க வேண்டியவர்கள் சிலர்தான். கிரைண்டருக்குப் பக்கப்பிடி எல்லோருக்கும் தேவை, ஏனென்றால் பெட்டியில் வந்த பக்கப்பிடி முதல் மாதத்திலேயே மூலைக்குப் போய்விடுகிறது. 4 அங்குலக் கிரைண்டர் 2 கிலோவுக்குள் இருந்தாலும் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குக் கிட்ட ஓடுகிறது. டிஸ்க் இறுகிப் பிடித்துக்கொண்டால் ஒற்றைக் கையால் அதை நிறுத்த முடியாது.

தொலைந்துபோன பிடிக்கு அதே வகையில் கடைப் பிடி கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதிர்வைக் குறைக்க றப்பர் இடைவைத்த பிடி இருந்தால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம்.

முதலில் மரையைக் கண்டுபிடியுங்கள். சின்னக் கிரைண்டர்களில் எம்8 அல்லது எம்10, 7, 9 அங்குலத்தில் பெரும்பாலும் எம்14. நல்ல போல்ற் ஒன்றைக் கையால் திருகிப் பாருங்கள், விரலாலேயே உள்ளே போக வேண்டும். ஸ்பானர் தேவைப்பட்டால் அது வேறு மரை. அடுத்தது ஆழம். ஒரு ஈர்க்கைத் துளைக்குள் விட்டு, வாயில் நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்து எடுங்கள். போல்ற் அந்த ஆழத்தைவிட 2 மில்லிமீற்றர் குறைவாகவே உள்ளே போக வேண்டும். கூடப் போனால் அடியில் முட்டி அலுமினியத் தலையை வெடிக்கவைக்கும், துளை திறந்த வகையென்றால் பற்சில்லில் போய் உரசும்.

தச்சுப் பட்டறையில் வேம்பு, முதிரை வெட்டுத் துண்டு கேளுங்கள். 110 மில்லிமீற்றர் நீளம், 35 மில்லிமீற்றர் விட்டத்துக்கு உருட்டிச் சீவி, நடுவால் முழு நீளத்துக்கும் துளை போடுங்கள். கிரைண்டர் பக்க நுனியில் விட்டம் 50 மில்லிமீற்றருக்குக் குறையாத ஒரு விளிம்பு விடுவது கட்டாயம். கை வழுக்கினால் டிஸ்க்கை நோக்கிப் போகாமல் மறிப்பது அதுதான். மரையுள்ள கம்பியைத் துளைக்குள் விட்டு, வெளிநுனியில் நட்டை மரத்துக்குள் புதைத்து இறுக்குங்கள். கிரைண்டர் பக்கத்தில் ஒரு வாஷரும் நட்டும் போட்டு மரத்தைப் பூட்டி, அதற்கும் கிரைண்டர் தலைக்கும் இடையில் பழைய ரயரில் வெட்டிய றப்பர் வட்டம் ஒன்றை வையுங்கள். மரத்தை 80, பிறகு 120 நம்பர் சாண்ட் பேப்பரால் தேய்த்தால் போதும். வார்னிஷ் பூசினால் வியர்த்த கையில் வழுக்கும்.

அதிர்வைப் பற்றி ஒரு வார்த்தை. தடித்த றப்பர் சுற்றினால் அதிர்வு போய்விடும் என்பது பாதி உண்மைகூட இல்லை. உடைந்து தேய்ந்த டிஸ்க், ஆட்டம் கண்ட பெயாரிங், அளவுக்கு மீறிய அமுக்கம் இவைதான் அதிர்வின் பிறப்பிடம். டிஸ்க்கை மாற்றுவது எந்தப் பிடியைவிடவும் கைக்கு நல்லது. குளிர்நாட்டுத் தொழிலாளருக்கு அதிர்வால் விரல் வெளுத்துப்போவது கண்ணுக்குத் தெரியும். நம் வெயிலில் அது அவ்வளவாகப் படாது, கூச்சமும் விறைப்பும்தான் முதலில் வரும். இரவில் விறைப்பு எழுப்பிவிடுகிறது, சேர்ட் பொத்தான் பூட்டச் சிரமமாக இருக்கிறது என்றால் பிடி செய்துகொண்டிருக்காமல் வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போங்கள்.

காஸ் ரோர்ச்

இதற்குத் தனி விதி உண்டு. ஒட்சிசன் ஓடுகிற எதிலும் எண்ணெயோ கிறீஸோ படக்கூடாது, அழுத்தத்தில் வரும் ஒட்சிசனோடு எண்ணெய் சேர்ந்தால் தானாகவே பற்றும். ஆகவே எண்ணெய் ஊறிய பழைய தோல், கறாஜில் கிடந்த றப்பர், தேங்காயெண்ணெய் தடவி மினுக்கிய மரம் எதையும் ரோர்ச்சில் போடாதீர்கள். புதிய, உலர்ந்த பருத்தி நாடாவை வால்வுகளையும் குழாய் இணைப்புகளையும் விட்டு, நடுப்பிடியில் மட்டும் சுற்றுங்கள். இணைப்பில் கசிவு பார்க்கும் சவர்க்கார நுரை தெரிய வேண்டிய இடம் மூடப்படக்கூடாது. நீளமாக வெட்டுகிற வேலையானால் ரோர்ச் நுனிக்குக் கிட்டப் பூட்டுகிற சின்னச் சில்லு வாங்குங்கள். பாரம் இரும்பின் மேல் உருண்டு போகும், கை வழிகாட்டினால் மட்டும் போதும்.

விரல் குறைந்த கைக்கு

போரில் விரலையோ கையின் பகுதியையோ இழந்து, அதே கையால் பட்டறை நடத்துகிறவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் போனது போக, இருக்கிற விரல்களுக்குப் பிடியைப் பொருத்துவது கடினமில்லை. பெருவிரல் இல்லாத கைக்குத் தடித்த பிடி, 45 மில்லிமீற்றர்வரை, நன்றாக உதவும். விரல்கள் உள்ளங்கையோடு சேர்ந்து அணைத்துக்கொள்ளும். இரண்டு, மூன்று விரல் மட்டும் உள்ள கைக்கு அந்த விரல்கள் அமருகிற இடத்தில் மட்டும் தோலை மூன்று அடுக்காகச் சுற்றி மேடு வைத்துக் கொடுங்கள். அளவைச் சொல்ல வேண்டியவர் அவர். கொஞ்சம் களிமண்ணைப் பிடியில் அப்பி, அவரையே பிடிக்கச் சொன்னால் பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று களிமண் காட்டும்.

பலர் இந்த இடத்தில் புறங்கையைச் சுற்றி வார் போட்டு ஹோல்டரைக் கட்டிவிட நினைப்பார்கள். பக்கிளோ வெல்குரோவோ போட்டுக் கட்டவே கூடாது. மின்சாரம் தாக்கினால் கை விட்டுவிட வேண்டும், கட்டிய கை விடாது. வேண்டுமானால் ஒரு பக்கம் மட்டும் தைத்து மறுபக்கம் திறந்த, பாவாடைக்குப் போடுகிற அகல எலாஸ்ரிக் நாடா வையுங்கள். சோதனை இதுதான்: பிளான்ட் நிற்கும்போது கையைக் கீழே தொங்கவிட்டு விரல்களைத் திறந்தால் ஹோல்டர் தானாகக் கழன்று விழ வேண்டும். விழாவிட்டால் நாடாவை வெட்டி எறியுங்கள். முழு விரல் உள்ளவரும் தன் பிடியை இப்படிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வேலைக்கு விடுவதற்கு முன்

பிளக்கைக் கழற்றிவிட்டு, ஈரத்துணி ஒன்றைப் பிழிந்து பிடியைச் சுற்றிப் பிடியுங்கள். மல்ரிமீற்றரை 20 மெகா ஓமில் வைத்து ஒரு ஊசியைத் தாடையிலும் மற்றதைத் துணியிலும் தொடுங்கள். ஊசிகள் எதையும் தொடாதபோது திரையில் நிற்கிற குறியே (‘OL’ அல்லது இடப்பக்கத் தனி ‘1’) நிற்க வேண்டும், வேறு எந்த எண்ணும் காட்டக்கூடாது. காட்டினால் மேலுறையைக் கழற்றிச் சட்டையில் வெடிப்பு எங்கே என்று தேடுங்கள். இந்த மீற்றரின் அழுத்தம் குறைவு என்பதால், எண் காட்டாதது மட்டும் முழு உத்தரவாதம் ஆகாது, கண்ணாலும் பாருங்கள். துணியை எடுத்து, தோல் முழுதாகக் காயும்வரை வெயிலில் வைத்த பிறகே பிளக் போடுங்கள்.

அடுத்து, வழமையான ஆம்பியரில் ஐந்து கம்பிகளை இடைவிடாமல் எரியுங்கள். பிளான்ட்டை நிறுத்திக் கையுறையைக் கழற்றிப் பிடியைத் தொட்டால் இளஞ்சூடு இருக்கலாம். ஒரு இடம் மட்டும் மற்ற இடத்தைவிடச் சுட்டால் உள்ளே இணைப்புத் தளர்வு. திரும்பவும் அந்த வீடியோவை எடுத்து முதல் வீடியோவோடு வைத்துப் பாருங்கள்.

சோழகம் வீசுகிற மாதங்களில் தோல் உலர்ந்து விறைக்கும், புழுதியும் ஒட்டும். கிழமைக்கு ஒருமுறை காய்ந்த தூரிகையால் தட்டினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் கதை வேறு. நனைந்த தோல் மின்சாரத்தைக் கடத்தும், ஒரு இரவில் காயவும் காயாது. அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு சோடிப் பட்டி வெட்டி வைத்து, ஒன்று நனைந்தால் மற்றதைச் சுற்றுங்கள். பின்னேரம் ஹோல்டரை நிலத்தில் போடாமல், பிளான்ட்டை நிறுத்தி, காய்ந்த மரக் கொழுக்கியில் தாடை கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். கேபிளைப் பெரிய வளையமாகச் சுற்றி வேறொரு கொழுக்கியில் போடுங்கள். ஹோல்டரோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினால் பிடிக்குப் பின்னால் முதல் ஒரு சாண் தூரத்தில்தான் உறை வெடிக்கத் தொடங்கும்.